ஆடி பதினெட்டுக்கு வெப்சைட் திறந்தேன், ஐப்பசி வரைக்கும் கூகுளுக்கே தெரியல

ஜமக்காளம் விக்க வெப்சைட் திறந்ததுல கையை விட்டுப் போன காசு 17,240 ரூபாய். இது வெப்சைட் பண்ணுன தம்பிக்குக் குடுத்த 32,000 சேக்காம. பிரிச்சு சொல்லணும்னா விளம்பரத்துக்கு 10,000, காசே வராம அனுப்பி வச்ச ரெண்டு ஜமக்காளம் 2,900, அதுக்கு கூரியர் 340, டொமைனை, அதாவது சைட்டோட பேரை, என் பேருக்கு மாத்த 4,000. இது போக 2023 தீபாவளி சீசன் முழுசா போச்சு, அதுக்கு என்ன கணக்கு போடுறதுன்னு தெரியல. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், ஆனா போன வாரம் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி "அக்கா என் சைட் ரெடி ஆயிருச்சு, வெள்ளிக்கிழமை ஓப்பன் பண்றேன்"னு சொன்னதும் மனசு பக்குன்னு ஆயிருச்சு. ரெடி ஆகுறது வேற, திறக்குறது வேற, இது ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுதான் நான் மாட்டுனேன்.

எங்க ஊரு பவானி. அப்பா ஜமக்காளம் நெய்யுறவரு, வீட்டுக்குள்ளயே குழித்தறி. வெளியூர் ஆளுங்களுக்குத் தெரியாம இருக்கலாம், பவானி ஜமக்காளத்துக்கு 2005லயே புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, ஆனாலும் விசைத்தறியில ஓட்டி அதே பேரு வச்சு பாதி வெலைக்கு விக்கிறாங்க. கடைக்காரரு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடுக்கி வச்சா வாங்குறவங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும். நேரா ஜனங்ககிட்ட நாமளே சொல்லி விப்போம், எந்தத் தறியில யாரு நெய்ஞ்சதுன்னு போட்டோவோட போடுவோம்னு எனக்கு ஒரு ஆசை. குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் சென்னை வேலையை விட்டுட்டு வந்திருந்தேன், கையில கொஞ்சம் சேமிப்பு இருந்துச்சு. கோயமுத்தூர்ல ஒரு தம்பியைப் புடிச்சு வேர்ட்பிரஸ்ங்குற சைட் கட்டுற மென்பொருள், அதுல கடை நடத்த வூகாமர்ஸ், இது ரெண்டையும் வச்சு கடை மாதிரி பண்ணச் சொன்னேன். வேலைக்காரப் பையன்தான், பொய் பேசலை, ஏமாத்தலை. ஆனா அவன் கட்டுறதுக்குதான் காசு பேசினான், திறக்குற வேலை அவன் லிஸ்ட்லயும் இல்ல என் லிஸ்ட்லயும் இல்ல.

ஆடி பதினெட்டுக்கு, ஆகஸ்ட் 3, திறக்கணும்னு முடிவு பண்ணினேன். பவானி ஆறும் காவிரியும் சேர்ற கூடுதுறையில அன்னைக்கு ஊரே கூடும், எங்க வீட்ல நல்ல காரியம்னா அந்த நாள்தான். ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினம் வேற, அதனால மூணுல இருந்து ஏழு வரைக்கும் அஞ்சு நாள் விளம்பரம், ஒரு நாளைக்கு 2,000ன்னு போட்டு வச்சுட்டேன். தம்பி சைட்டை ஒப்படைச்சது ஆகஸ்ட் 1 சாயங்காலம். இங்கயே முதல் தப்பு. வேலை முடியுற நாளுக்கும் திறக்குற நாளுக்கும் நடுவுல ரெண்டு வாரமாவது வைங்க, விளம்பரத்துக்கு காசு கட்டுறதை திறந்து ஒரு வாரம் கழிச்சு வைங்க. நல்ல நாள் பாக்கணும்னா அன்னைக்கு சாமி கும்பிட்டு வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் லிங்க் குடுங்க, ஊருக்கு சொல்றது அப்புறம் பாத்துக்கலாம்.

ஆகஸ்ட் 2 ராத்திரி ஏழு மணிக்கு டொமைனை புது சர்வருக்கு மாத்தினோம். அதுக்கு முன்னாடி மே மாசத்துல இருந்து அதே பேருல "விரைவில்"னு ஒரு பக்கம் வேற இடத்துல போட்டு வச்சிருந்தேன். மறுநாள் காலைல சாமி கும்பிட்டு ஸ்டேட்டஸ் போட்டா துபாய்ல இருக்குற மச்சான் "சூப்பரா இருக்கு"ங்குறாரு, பக்கத்து தெரு சித்தி "விரைவில்னுதான் கண்ணு வருது"ங்குறாங்க. என் போன்ல புதுசு, அப்பா போன்ல பழசு. எனக்கு கை கால் ஓடல. தம்பி "ஒரு நாள் ஆகும்க்கா"ன்னு சொல்லிட்டான். விஷயம் என்னன்னா டிஎன்எஸ்னு ஒண்ணு, சைட் பேரு எந்த சர்வர்ல இருக்குன்னு காட்டுற விலாசப் புத்தகம் மாதிரி, அதுல டிடிஎல்னு ஒரு நம்பர் இருக்கும், பழைய விலாசத்தை எத்தனை விநாடி ஞாபகம் வச்சுக்கலாம்னு மத்த சர்வருக்கு சொல்ற நம்பர். என்னோடது 86,400, அதாவது முழுசா 24 மணி நேரம். மாத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அதை 300ன்னு குறைச்சு வச்சிருந்தா பெரும்பாலும் அஞ்சு பத்து நிமிஷத்துல எல்லாருக்கும் மாறியிருக்கும், எல்லாம் சரியா ஓடுதுன்னு தெரிஞ்சதும் திரும்ப ஏத்திக்கலாம். பைசா செலவில்லாத வேலை.

அதே நாள் மத்தியானம் அடுத்தது. 500 விசிட்டிங் கார்டு அடிச்சிருந்தேன், அதுல டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டு அடிச்சிருக்கு. பூட்டுக்குறி வர்றதுக்குப் போடுற எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்டை அந்த மூணு எழுத்து இல்லாத பேருக்கு மட்டும் தம்பி போட்டிருக்கான். கார்டைப் பாத்து டைப் பண்ணுன ஆளுக்கெல்லாம் இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லன்னு பெரிய எச்சரிக்கை. அப்பாவோட சங்கத்து சிநேகிதர் ஒருத்தர் போன் பண்ணி "என்னப்பா உன் மக கடைக்குள்ள போனா போன்ல வைரஸ் வரும் போல"ன்னு கேட்டாரு, அப்பா ஒண்ணும் பேசாம போனை வச்சுட்டு தறியில போய் உக்காந்துட்டாரு. அந்த மொகம் இன்னும் எனக்கு மறக்கல. சைட் பேரை நாலு விதமா டைப் பண்ணிப் பாருங்க: முன்னாடி அந்த மூணு எழுத்தோட, இல்லாம, எஸ் இருக்குற எச்டிடிபிஎஸ், எஸ் இல்லாத எச்டிடிபி. நாலும் ஒரே இடத்துக்குப் போகணும், நாலுலயும் எச்சரிக்கை வரக்கூடாது. லெட்ஸ் என்கிரிப்ட்ங்குற இலவச சர்டிஃபிகேட்தான் நான் வச்சிருக்கேன், அதுக்கு ஆயுசு 90 நாள், அதனால அது தானா புதுப்பிச்சுக்குதான்னும் கேட்டு வச்சுக்கங்க.

இப்ப பெரிய அடிக்கு வர்றேன். அஞ்சு நாள்ல 11 ஆர்டர் வந்துச்சு. அந்த சந்தோஷத்தை சொல்லி முடியாது, நானும் அம்மாவும் ராத்திரி பன்னண்டு வரைக்கும் உக்காந்து பேக் பண்ணினோம், அப்பா ஒவ்வொண்ணையும் பிரிச்சு ஊடை நூல் எங்கயாவது விட்டிருக்கான்னு தடவிப் பாத்துட்டுதான் மடிச்சுக் குடுத்தாரு. எல்லாத்தையும் அனுப்பியாச்சு. பேமென்ட் கம்பெனில இருந்து ரெண்டு மூணு வேலை நாள்ல பேங்க்குக்கு காசு வரும்னு தம்பி சொன்னான், எட்டாம் தேதி ஆகியும் ஒரு ரூபா வரல. உள்ள போய்ப் பாத்தா பேமென்ட் டெஸ்ட் மோடுல இருக்கு. அதாவது சோதனைக்கு வச்சிருந்த பொய் பேமென்ட். நெட்பேங்கிங்கோ கார்டோ அழுத்துனா நிஜ பேங்க் பக்கத்துக்குப் பதிலா ஒரு பொம்மை பக்கம் வந்து சக்சஸ், ஃபெயிலியர்னு ரெண்டு பட்டன் காட்டும், ஜனங்க சக்சஸ் அழுத்தியிருக்காங்க, எனக்கு "பணம் கட்டியாச்சு"ன்னு ஆர்டர் வந்திருக்கு. யூபிஐல கட்டப் பாத்தவங்களுக்கெல்லாம் ஃபெயில் ஆகி திரும்பிப் போயிருக்காங்க, அது எத்தனை பேருன்னு நெனச்சாலே வயித்தைக் கலக்குது, ஏன்னா நம்ம ஊர்ல பாதிக்கு மேல யூபிஐதான.

காசு கழியலையேன்னு சொல்லலாம்னு சில பேரு கூப்பிட்டும் பாத்திருக்காங்க, ஆனா சைட்ல தொடர்புக்குன்னு இருந்த நம்பர் தீம்ல, அதாவது ரெடிமேட் டிசைன்ல, சும்மா உதாரணத்துக்கு வச்சிருந்த நம்பர். மாத்தவே இல்ல. நான் எல்லா பக்கத்தையும் படிச்சேன்னுதான் நெனச்சேன், அடியில இருந்த நம்பரை கண்ணு பாத்துச்சு, ஆனா அதுக்கு டயல் பண்ணிப் பாக்கணும்னு தோணல.

11 பேருக்கும் நானே போன் பண்ணினேன். ஒவ்வொரு காலுக்கு முன்னாடியும் தண்ணி குடிச்சுட்டு பண்ணினேன், அவ்வளவு கூச்சம், பார்சல் அனுப்பி வச்சுட்டு காசு கேக்குற மாதிரி ஆயிருச்சே. 9 பேரு அன்னைக்கே அனுப்பிட்டாங்க. ஒரு அம்மா திருநெல்வேலில இருந்து, "நானே ரெண்டு நாளா உன்னைத் தேடிட்டு இருக்கேன் தாயி, சும்மா வாங்கி விரிச்சா உறுத்தாதா"ன்னு சொன்னாங்க. போனை வச்சுட்டு அழுதுட்டேன். மிச்சம் ரெண்டு பேரு எடுக்கல, எடுக்கவே இல்ல.

சரி நிஜ மோடுக்கு மாத்தலாம்னு போனா அது ஒரு பட்டன் இல்ல. கேஒய்சி முடிக்கணும், பான், பேங்க் அக்கவுன்ட் எல்லாம் சரி பாப்பாங்க, அதுக்கும் மேல சைட்ல தனியுரிமை, விதிமுறை, ரிட்டர்ன் ரீஃபண்ட், டெலிவரி எத்தனை நாள், தொடர்பு விலாசம் இதுக்கெல்லாம் தனித்தனி பக்கம் இருக்கான்னு பாப்பாங்க. என்கிட்ட ரெண்டுதான் இருந்துச்சு. எழுதிப் போட்டு, திருப்பி அனுப்பி, மறுபடி போட்டு, 17ஆம் தேதிதான் நிஜமா காசு வாங்க ஆரம்பிச்சேன். விளம்பரம் ஏழாம் தேதியே முடிஞ்சு போச்சு. அதனால சைட் டிசைன் பேசுற அன்னைக்கே பேமென்ட் அக்கவுன்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுருங்க. அந்தப் பக்கங்களை வேற சைட்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீங்க, நீங்க நிஜமா என்ன செய்வீங்களோ அதை எழுதுங்க, சாயம் போனா திருப்பி எடுப்பீங்களா, கூரியர் காசு யாரு குடுப்பாங்கன்னு. 2020ல வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி புகார் கேக்குற ஆளோட பேரு, நம்பரும் போடணும், புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள வந்துச்சுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். ஜிஎஸ்டி பத்தி நான் சொல்ல மாட்டேன், பொருளுக்குப் பொருள் மாறும், ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க.

நடுவுல தமிழுக்குன்னு தனியா வந்த சிக்கலும் சொல்லணும், இதை இங்கிலீஷ்ல எழுதுறவங்க யாரும் சொல்லித்தர மாட்டாங்க. அப்பா சொன்ன தறிக் கதையெல்லாம் பக்கத்து டிடிபி கடையில டைப் பண்ணி வாங்கினேன், அவரு பாமினி எழுத்துருல அடிச்சிருக்காரு, அவரு கம்ப்யூட்டர்ல தமிழா தெரிஞ்சுது, சைட்ல ஒட்டுனா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா குப்பை மாதிரி வந்துச்சு. எந்த போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தமிழா தெரியுற யூனிகோடு எழுத்துக்கு மாத்தித் தர்ற கருவி நெட்லயே இலவசமா இருக்கு, ஆனா மாத்துனதுக்கு அப்புறம் ஒரு தடவை வரி வரியா படிங்க, நடுவுல இருந்த இங்கிலீஷ் வார்த்தையும் சேத்து தமிழா மாறி அர்த்தமில்லாம நிக்கும். அடுத்தது லிங்க். தலைப்பை தமிழ்ல வச்சா வேர்ட்பிரஸ் லிங்க்கையும் தமிழ்லயே வைக்கும், பிரவுசர்ல அழகா இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள ஒவ்வொரு தமிழ் குறியீடும் சதவீதக் குறியோட 9 எழுத்தா மாறும். "கோ"ன்னா எழுத்தும் துணைக்குறியும் சேந்து 18. வேர்ட்பிரஸ் லிங்க்குக்கு 200 எழுத்துதான் இடம், அப்ப மொத்தமே இருபத்திரண்டு குறியீடு, நீளமான தலைப்பு பாதில வெட்டிரும். வாட்ஸாப்ல அனுப்புனா சதவீதக் குறியா முக்கால் பக்கத்துக்கு நிக்கும், ஜனங்க அதைப் பாத்தாலே ஏமாத்து லிங்க்னு தொட மாட்டாங்க. நான் இப்ப தலைப்பு தமிழ்லயும் லிங்க் இங்கிலீஷ் எழுத்துல சின்னதாவும் வைக்கிறேன், இதை திறக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, அப்புறம் மாத்துனா அனுப்புன லிங்க் எல்லாம் செத்துப் போற அபாயம் இருக்கு. வாட்ஸாப்னு சொன்னதும் ஞாபகம் வருது, லிங்க்கோட வர்ற சின்னப் படம், அதுல தீம்காரன் வச்ச சோஃபா படம் வந்துச்சு. ஜமக்காளம் விக்கிற கடைக்கு சோஃபா. முதல்ல உங்களுக்கு நீங்களே அனுப்பிப் பாருங்க.

படம்னு எடுத்தா, போன்ல எடுத்த போட்டோவை அப்படியே ஏத்தியிருந்தேன், ஒவ்வொண்ணும் ஆறு எம்பி. எனக்கு வீட்டு வைஃபைல டக்குன்னு வந்துச்சு. அந்தியூர் மலைப்பக்கம் இருக்குற அத்தை "சுத்திட்டே இருக்குது"ன்னாங்க. இப்ப ஒரு படம் 150 கேபிக்கு மேல விடுறதில்ல, வெப்பி (WebP)ங்குற பட ஃபார்மட்ல சுருக்கி போடுறேன். அதே மாதிரி ஆர்டர் மெயில் எல்லாம் வாடிக்கையாளருக்கு ஸ்பேம்ல போய் விழுந்துச்சு, டொமைன்ல எஸ்பிஎஃப், டிகேஐஎம்னு ரெண்டு பதிவு போடாம விட்டதால. இந்த மெயில் இன்னார்தான் அனுப்புனாங்கன்னு சாட்சி சொல்ற பதிவு அது, மெயில் அனுப்புற சேவைக்காரங்களே என்ன எழுதணும்னு குடுப்பாங்க, நீங்க டிஎன்எஸ்ல ஒட்டணும், அவ்வளவுதான். ஜிமெயில், யாஹூ ரெண்டுலயும் சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்க.

எனக்கு ரொம்ப வலிச்சது இதெல்லாம் இல்ல. செப்டம்பர், அக்டோபர் முழுக்க ஆளே வரல. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு, அதுவும் தெரிஞ்சவங்க. சரக்கு பிடிக்கலையோ, வெலை ஜாஸ்தியோன்னு நெனச்சு வெலையை ரெண்டு தடவை குறைச்சேன். அப்பா கேக்கவே மாட்டாரு, ஆனா ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு ஏதாச்சும் வந்துச்சா அம்மிணி"ன்னு அம்மாதான் கேப்பாங்க. அக்டோபர் 29 ஞாயித்துக்கிழமை, சென்னைல வேலை பாக்குற பெரியம்மா பையன் வந்திருந்தான், கூகுள்ல எங்க சைட் பேரை அப்படியே போட்டுத் தேடினான், ஒண்ணுமே வரல. வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ், அதுல ரீடிங்னு போய் எனக்குக் காட்டினான். தேடுபொறிகள் இந்த சைட்டைப் பதிவு பண்ண வேண்டாம்னு ஒரு சின்னக் கட்டம், அதுல டிக். கட்டும்போது அரைகுறை பக்கம் வெளிய தெரியக்கூடாதுன்னு தம்பி போட்டது, அது நல்ல வழக்கம்தான், ஆனா திறக்கும்போது யாரும் எடுக்கல. ஆகஸ்ட் 3ல இருந்து 87 நாள். அந்த டிக்கை எடுக்க ஒரு விநாடி ஆச்சு. தீபாவளிக்கு பதினாலு நாள்தான் இருந்துச்சு. நான் எந்திரிச்சு போய் மாடில நின்னுட்டேன், ரொம்ப நேரம் கீழ வரல. வெலை குறைச்சு வித்ததுல அப்பாவோட உழைப்பைத்தான குறைச்சேன், அது எனக்கு இன்னும் ஆறல.

அன்னைக்கே கூகுள் சர்ச் கன்சோல்ங்குற, நம்ம சைட் கூகுள்ல எப்படித் தெரியுதுன்னு காட்டுற கருவில சைட்டை சேத்து, சைட்மேப்ங்குற பக்கங்களோட பட்டியலைக் குடுத்து, முக்கியமான பக்கத்தையெல்லாம் ஒண்ணொண்ணா சோதிச்சுப் பாக்கச் சொன்னான். முகப்புப் பக்கம் நாலஞ்சு நாள்ல வந்துச்சு, ஜமக்காளம் பக்கங்க வர மூணு வாரம் ஆச்சு, அதுக்குள்ள தீபாவளி முடிஞ்சு போச்சு. இந்த சர்ச் கன்சோல் இலவசம், திறந்த அன்னைக்கே சேத்திருந்தா பதிவு பண்ண விடாம குறி போட்டிருக்குன்னு அதுவே காட்டியிருக்கும். தேடுபொறி எந்தப் பக்கத்துக்குள்ள வரலாம்னு சொல்ற ரோபோட்ஸ் ஃபைல்னு ஒண்ணும் இருக்கு, அதுலயும் எல்லாத்தையும் தடுக்குற ஒரு வரி மிச்சம் இருக்கலாம், ரெண்டையும் பாருங்க.

டொமைன் கதை சுருக்கமா சொல்லிடுறேன். அது தம்பி பேருல, தம்பி மெயில்ல பதிவு ஆயிருந்துச்சு. நவம்பர்ல கேட்டா வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டான், 19 நாள் பதிலே இல்ல. அந்த 19 நாளும் எங்க குடும்பப் பேரு வேற ஒருத்தர் கையில இருக்குதேன்னு தூக்கமில்ல. அப்புறம் பேசினான், மாத்தித் தர 4,000 கேட்டான், பேரம் பேசாம குடுத்தேன். டாட் காம் மாதிரி பேருகளை பதிவு பண்ணி 60 நாளைக்கு வேற கம்பெனிக்கு மாத்த முடியாது, அதனால அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. டொமைன், ஹோஸ்டிங் (சைட்டை வைக்கிற சர்வர் இடம்), பேமென்ட், மெயில் நாலும் உங்க மெயில் ஐடி, உங்க போன் நம்பர், உங்க கார்டுல எடுங்க, வேலை செய்யுறவங்களுக்கு தனி லாகின் குடுங்க, முடிஞ்சதும் எடுத்துருங்க.

தை மாசம் மறுபடி முதல்ல இருந்து திறந்த மாதிரி பண்ணினேன். ஒரு ரூபாய்க்கு ஒரு பொருள் போட்டு, என் சொந்தக் காசுல யூபிஐ, கார்டு, நெட்பேங்கிங் மூணுலயும் வாங்கி, பேங்க்ல காசு வர்ற வரைக்கும் காத்திருந்து, ஒண்ணை ரீஃபண்ட் பண்ணியும் பாத்தேன். அப்பாவோட ஏழாயிரம் ரூபா போனை அத்தை கையில குடுத்து, நான் வாயே திறக்காம பக்கத்துல உக்காந்து, அவங்க ஒரு ஜமக்காளம் வாங்குற வரைக்கும் பாத்தேன். மூணு எடத்துல நின்னுட்டாங்க: பின்கோடு எங்க போடுறதுன்னு தெரியல, பட்டன்ல தமிழ் வார்த்தை நீளமா போய் பாதி வெட்டியிருந்துச்சு, அளவுல ஆறுக்கு ஒன்பது அடின்னா எந்தப் பக்கம் ஆறுன்னு கேட்டாங்க. மூணையும் சரி பண்ணுனதுக்கு அப்புறம்தான் ஸ்டேட்டஸ் போட்டேன். சைட் முழுசையும் ஒரு பேக்கப் எடுத்து, அதை வேற இடத்துல திரும்ப ஏத்தி ஓடுதான்னும் பாத்தேன்.

இப்ப மாசத்துக்கு முப்பதுல இருந்து நாப்பது ஆர்டர் வருது, பாதி கூகுள்ல தேடி வர்றவங்க. குறைச்ச வெலையை பழைய வெலைக்கே ஏத்திட்டேன். இங்கிலீஷ் பக்கத்துல மட்டும் அளவு இன்னும் அடிக் கணக்குலதான் கெடக்குது, வெளிநாட்டுல இருந்து கேக்குறவங்களுக்கு சென்டிமீட்டர் வேணும்ங்குறாங்க. இந்த வாரம் அப்பாவை டேப்பைப் புடிக்கச் சொல்லி ஒவ்வொண்ணா அளக்கணும்.